புழுவின் மருந்து இறாலுக்கு எட்டுமா?

கேள்வி: தொண்டிப் பக்கம் ஏக்கர் அளவில் இரண்டு பாண்டு (குளம்) போட்டு வெனாமி இறால் வளர்க்கிறேன். குஞ்சு விட்டு 55 நாள் ஆகிறது. ஒரு பாண்டில் நான்கைந்து நாளாக வெள்ளைக் கழிச்சல் மிதக்கிறது. இறால் பெரிதும் சிறிதுமாக இருக்கிறது. ஆன்டிபயாடிக் போட்டால் சரக்கு ஏற்றுமதிக்குப் போகாது என்று தெரியும். கருப்புச் சிப்பாய் ஈயின் புழுவில் இயற்கையாகவே கிருமிக்கொல்லி இருக்கிறது, அதை அரைத்துத் தீவனத்தில் கலந்தாலோ சாறெடுத்துத் தண்ணீரில் ஊற்றினாலோ விப்ரியோ பாக்டீரியா அடங்கும் என்கிறார்கள். அழுக்கில் வளர்ந்த புழுவுக்குத்தான் வீரியமாம். இறங்குதளத்தில் மீன் கழிவு சும்மாவே கிடைக்கிறது. செய்யலாமா? ஆறாத புண்ணில் புழு வைத்து ஆற்றுகிறார்களாமே, அதுவும் இந்தப் புழுதானா? அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

புழு வளர்க்கலாம், இறாலுக்குத் தீவனமாகவும் கொடுக்கலாம். ஆனால் இன்று உங்கள் பாண்டில் மிதக்கிற வெள்ளைக் கழிச்சலை அது நிறுத்தாது. எனவே முதலில் பாண்டு, பிறகு புழு.

குஞ்சு விட்டு ஐம்பது நாளைத் தாண்டிய பிறகு வெள்ளைக் கழிச்சலும் அளவு வேறுபாடும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈஎச்பி. இது பாக்டீரியா அல்ல. பூஞ்சைக்கு உறவான நுண்ணுயிரி. இறாலின் தலைக்குள் பழுப்பாகத் தெரிகிற செரிமானச் சுரப்பியின் செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகும். பாக்டீரியாவைக் கொல்கிற எந்தப் பொருளும், இயற்கையோ செயற்கையோ, அதைத் தொடாது. ஈஎச்பி சிதைத்த சுரப்பியில் விப்ரியோவும் பெருகும்போதுதான் பல பாண்டுகளில் இந்த வெள்ளை நூல் மிதக்கிறது. நுண்ணோக்கியில் அந்த நூலைப் பார்த்தால் புழுக்கள் நெளிந்து கிடப்பதுபோல் தெரியும். அவை புழுக்களே அல்ல. சுரப்பிச் செல்களின் மேல்விளிம்பு உரிந்து சுருண்ட துண்டுகள். அதைப் பார்த்துவிட்டுப் புழுக்கொல்லி வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அந்தச் செலவு வீண்.

எனவே நாளையே இரண்டு வகை மாதிரி எடுங்கள். பிசிஆர் சோதனைக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), சிறுத்துப்போன இறால்களில் பத்தைப் பிடித்து, தலை ஓட்டை விலக்கி, அந்தச் சுரப்பியை மட்டும் எடுத்து 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். திசு ஒரு பங்கு, ஆல்கஹால் பத்துப் பங்கு. ஐஸில் வைத்து அனுப்பி வழியில் உருகினால் மாதிரி கெட்டுவிடும், ஆல்கஹாலில் கெடாது. விப்ரியோ எண்ணிக்கைக்கு உயிருள்ள இறாலை, அதே பாண்டுத் தண்ணீரில், ஆக்சிஜன் அடித்த பையில் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். செத்த இறாலில் வளர்கிற காலனியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா) இருக்கிறது. பக்கத்தில் எந்த லேபில் பிசிஆர் பார்க்கிறார்கள் என்று ராமநாதபுரம் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு வரும்வரை அந்தப் பாண்டுக்குத் தீவனத்தை மூன்றில் ஒரு பங்காவது குறையுங்கள், ஏரேட்டரைக் கூடுதல் நேரம் ஓட்டுங்கள். மிதக்கிற நூலைக் கட்டாயம் அள்ளுங்கள். அதில் ஈஎச்பி வித்துகள் இருக்கும். நல்ல இறால் அதைத் தின்றுதான் நோய் வாங்குகிறது. சோளகம் அடிக்கிற நாளில் நூலெல்லாம் வடகரையில் ஒதுங்கும், வாடையில் தென்கரையில். காலையிலும் மாலையிலும் கொசுவலைக் கரண்டியால் அள்ளி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வாய்க்காலில் வீசினால் அடுத்த பாண்டுக்குப் போய்ச் சேரும். வலை, செக் ட்ரே (இறால் தீவனம் தின்கிறதா என்று பார்க்கும் தட்டு), வாளி எதையும் இரண்டு பாண்டுக்கும் பொதுவாக வைக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட கிருமிக்கொல்லி விஷயம். கேள்விப்பட்டதில் பாதி உண்மை, அதுவும் அருமையான உண்மை. பூச்சிகளுக்கு நம்மைப்போல் ஆன்டிபாடி கிடையாது. ஆனாலும் அழுகலிலேயே பிறந்து அழுகலிலேயே வளர்கின்றன. 1981-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஹான்ஸ் போமனின் குழு இதற்கான விடையில் முக்கியமான பகுதியைக் கண்டுபிடித்தது. சீக்ரோப்பியா என்ற பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குள் பாக்டீரியாவை ஊசியால் செலுத்தி, பிறகு அதன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போடாத கூட்டுப்புழுவின் ரத்தத்தில் இல்லாத சிறு புரதங்கள் அதில் இருந்தன. அவை பாக்டீரியாவைக் கொன்றன. செக்ரோபின் என்று பெயரிட்டார்கள். 37 அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி, அவ்வளவுதான். பழ ஈயில் இந்தப் புரதங்களை முடுக்கிவிடும் விசை எது என்று 1996-ல் காட்டிய ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கு 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இவை வேலை செய்யும் விதம் எளிது. பாக்டீரியாவின் மேல்தோலில் எதிர்மின்னூட்டம் அதிகம். பெப்டைடு எனப்படும் இந்தச் சிறு புரதங்களில் நேர்மின்னூட்டம். ஒட்டிக்கொண்டு, சவ்வுக்குள் புதைந்து, துளை போட்டுவிடும். உள்ளே இருப்பது வெளியே கசிந்து பாக்டீரியா சாகும். கருப்புச் சிப்பாய் ஈயின் மரபணுக்களில் இந்த வகைப் பெப்டைடுகளுக்கானவை ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. பூச்சிகளிலேயே இது மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று. குப்பையில் வாழும் புழுவுக்கு அத்தனையும் தேவைப்படுகிறது.

இறாலும் கணுக்காலிதான், அதனிடமும் இதே சரக்கு உண்டு. உங்கள் பாண்டில் இருக்கும் வெனாமியின் ரத்தச் செல்களிலிருந்தே 1997-ல் பெனிடின் என்ற பெப்டைடு குடும்பத்தைப் பிரித்தெடுத்தார்கள். கிரஸ்டின் என்று இன்னொரு குடும்பமும் உண்டு. விடியற்காலை ஆக்சிஜன் சரிந்தாலும், கோடையில் உப்பு எகிறினாலும், அடிச்சேறு கறுத்து நாறினாலும் இறாலின் இந்தத் தற்காப்பு தளர்ந்துபோகும். அதைத் தளராமல் பார்த்துக்கொள்வது புழுவின் பெப்டைடைத் தேடுவதைவிடப் பலன் தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

புழுவுக்குள் வேலை செய்கிற பொருள் ஏன் இறாலுக்கு எட்டுவதில்லை? ஒன்று, பெரும்பாலான பெப்டைடுகள் புழுவின் உடம்பில் எப்போதும் நிறைந்து கிடப்பவை அல்ல. கிருமி உள்ளே புகுந்த பிறகு, புழுவின் கொழுப்புத் திசு சில மணி நேரத்தில் சுரப்பவை. ஆய்வகத்தில் தட்டில் போட்டுக் காட்டுகிற சாறு, கிருமி தோய்ந்த ஊசியால் குத்தி வைத்த புழுவின் ரத்தம். பண்ணையில் அள்ளி அரைக்கிற மாவில் அந்த அளவு இருக்காது. இரண்டு, இவை புரதம். தின்ற இறாலின் குடலில் டிரிப்சின் முதலான செரிமான நொதிகள் மற்ற புரதத்தை வெட்டுவதுபோலவே இவற்றையும் வெட்டிவிடும். இறாலுக்கு அது உணவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மூன்றாவது காரணம் நம் கடற்கரைக்கே உரியது: உப்பு. மின்னூட்டத்தால் ஒட்டுகிற பொருளுக்கு நடுவே சோடியமும் மெக்னீசியமும் கால்சியமும் மண்டிக் கிடந்தால் அவை போய் முன்னால் ஒட்டிக்கொள்கின்றன. பெப்டைடுக்கு இடம் கிடைப்பதில்லை. இந்த வகையில் பல பெப்டைடுகள் உப்பு ஏற ஏறச் செயல் இழக்கின்றன. பாக் நீரிணைத் தண்ணீரை ஏற்றி, கோடையில் வற்றவிட்ட பாண்டு அவற்றுக்கு ஏற்ற இடமே அல்ல.

உப்பை மறந்துவிட்டாலும் கணக்கு இடிக்கிறது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 1.2 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 48.5 லட்சம் லிட்டர். செக்ரோபினால் எளிதில் மடிகிற ஈ.கோலை பாக்டீரியாவை ஆய்வகத்தில் கொல்லவே லிட்டருக்குச் சில மில்லிகிராம் வேண்டும். நான்கு மில்லிகிராம் என்றே வைத்தாலும், உங்கள் ஒரு பாண்டுக்குச் சுமார் 19 கிலோ சுத்தமான பெப்டைடு தேவை. எத்தனை டன் புழுவைப் பிழிந்தாலும் அது வராது. மாறாக, நீங்கள் ஊற்றுகிற சாறு புரதமும் கொழுப்பும் நிறைந்த குழம்பு. அது விப்ரியோவுக்குத் தீனி, அடிமண்ணுக்கு அம்மோனியா. தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

அழுக்கில் வளர்த்தால் வீரியம் கூடும் என்ற பேச்சும் ஆபத்தானது. எந்த இரையில் வளர்கிறது என்பதைப் பொறுத்துப் புழுவின் பெப்டைடு சுரப்பு மாறுவது உண்மை. ஆனால் அந்த அழுக்கின் கிருமி புழுவின் குடலிலும் தோலிலும் சேர்ந்தே வரும். வீரியம் தேடிப் போய் நோயை வாங்கிவந்த கதையாகும்.

அப்படியானால் புழு மாவால் இறாலுக்கு என்ன கிடைக்கிறது? உலர்ந்த எடையில் சுமார் 40 சதவீதம் புரதம். இரையைப் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் பெரும்பங்கு தேங்காய் எண்ணெயில் இருக்கிற அதே லாரிக் அமிலம். லாரிக் அமிலத்துக்குக் கிருமிக்கு எதிரான குணம் உண்டு, சூட்டில் அழியாது, செரித்தாலும் குணம் போகாது. ஆனால் அது நன்றாக வேலை செய்வது கிராம் பாசிட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாவிடம். விப்ரியோ கிராம் நெகட்டிவ். அதன் வெளிச்சவ்வு கொழுப்பமிலத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அடுத்தது கைட்டின், புழுவின் தோலில் இருக்கிற கெட்டியான பொருள். சிறிய அளவில் இறாலின் தற்காப்பைத் தூண்டக்கூடியது, அதிகமானால் செரிமானத்தைக் கெடுப்பது. எனவே இதை நல்ல தீவனப் பொருள் என்று சொல்லலாம், மருந்து என்று சொல்ல முடியாது. அளவுக்கும் வரம்பு உண்டு. வெனாமி சோதனைகளில் தீவனத்தின் மீன் மாவில் கால் பங்குக்கு மேல் புழு மாவால் மாற்றும்போது வளர்ச்சி சரியத் தொடங்கியது. மீன் மாவை ஒப்பிட்டால் இதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. இறால் தானே தயாரித்துக்கொள்ள முடியாத கொலஸ்டிராலும் குறைவு.

கம்பெனித் தீவனம் போடுகிற உங்களுக்கு நாங்கள் சொல்வது கிலோவுக்கு 30 கிராம் மேற்பூச்சு, அதற்கு மேல் வேண்டாம். ஏக்கருக்கு ஒன்றரை டன் அறுவடை, எஃப்சிஆர் 1.4 (ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம்) என்றால் 2,100 கிலோ தீவனம் ஆகும். அதற்கு 63 கிலோ புழு மாவு. உயிர்ப்புழுவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் உலர்ந்து மிஞ்சும், ஆகவே 210 கிலோ உயிர்ப்புழு. ஈரக் கழிவில் ஐந்தில் ஒரு பங்கு புழுவாக மாறும் என்று வைத்தால் ஒரு டன்னுக்குச் சற்று மேல் கழிவு.

இதை 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் செய்யுங்கள். ஒரு கிரேட்டுக்கு ஐந்து நாள் வயதுப் புழு 10,000. பன்னிரண்டு நாளில் 15 கிலோ ஈர இரை. முதல் நாள், ஐந்தாம் நாள், எட்டாம் நாள் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். சுமார் 3 கிலோ புழு கிடைக்கும். ஒரு வளர்ப்புக் காலத்துக்கு 70 கிரேட் சுற்று தேவை. ஒரே நேரத்தில் 8 கிரேட் ஓடினால் போதும். அந்த எட்டுக்கு 3 கிராம் முட்டை வேண்டும். ஒரு கிராமில் 35,000 முட்டைக்குக் குறையாது, அதில் இருபது சதவீதம் வீணானாலும் 80,000 குஞ்சுக்குக் குறையாமல் நிற்கும். முட்டையை நேராகக் கழிவில் போடாமல், ஈரமாக்கிய கோழித் தீவனத்துக்கு மேலே வலைத்துண்டில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் பொரித்துக் கீழே விழும். ஐந்து நாள் அங்கேயே வளரட்டும்.

தாய் ஈக்காக ஒவ்வொரு சுற்றிலும் 2,000 புழுவை முற்றிக் கறுக்க விட்டு, உலர்ந்த தென்னைநார்க் கழிவில் இருட்டில் வைத்தால் இரண்டு வாரத்தில் ஈ வெளிவரும். கூண்டு கொசுவலையாக இருக்கலாம், ஆனால் காலை வெயில் நேராக விழ வேண்டும். வெயில் இல்லாமல் இந்த ஈ இணை சேராது. காற்று மோதினாலும் சேராது. உங்கள் ஊர்க் காற்றுக்குக் கூண்டின் இரு பக்கமும் பனையோலைத் தட்டி கட்டுங்கள். ஈக்குத் தீனி வேண்டாம், நனைத்த துணி போதும். முட்டையிட, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடுக்கிய மரப்பட்டிகளைப் புளித்த தவிட்டு வாளியின் மேல் வையுங்கள். அந்த இடுக்கில்தான் இடும், ஈரத்தில் இடாது.

கெடுவது எங்கே என்பதையும் பார்ப்போம். மீன் கழிவை மட்டும் கொட்டினால் ஒரே நாளில் அம்மோனியா கண்ணைக் கரிக்கும், புழு கிரேட்டைவிட்டு ஏறி ஓடும், நீல ஈ மொய்க்கும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீன் வேண்டாம். மீதி ராமநாதபுரம் காய்கறிச் சந்தைக் கழிவு, தவிடு, பனம்பழச் சக்கை, எது கிடைத்தாலும் சரி. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். ஒழுகினால் நார்க் கழிவு சேருங்கள். புழு கூட்டமாக மேயும்போது கிரேட்டின் நடுப்பகுதி வெளிக்காற்றைவிட வெகுவாகச் சூடேறும். புழுவுக்கு உகந்தது 27 முதல் 30 டிகிரி. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் வைத்தால் நடுவில் இருப்பவை செத்துவிடும். கீற்றுக் கொட்டகை, நாலு பக்கமும் காற்று, சூடான நாளில் இரையின் கனம் ஐந்து செ.மீ.க்கு மேல் இல்லாமல் பரப்புவது, இவை போதும். எறும்பு ஒரே இரவில் முட்டைப் பட்டியைக் காலி செய்யும். தாங்கியின் நான்கு காலையும் எண்ணெய் மிதக்கிற தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

எந்தக் கழிவைத் தொடக்கூடாது என்பதுதான் இந்தக் கடிதத்திலேயே நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி. இறால் தலை, இறால் ஓடு, நண்டுக் கழிவு, இம்மூன்றும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெள்ளைப்புள்ளி வைரஸ் இறாலில் மட்டுமல்ல, நண்டிலும் இருக்கும். இறாலின் கழிவைப் புழுவுக்கும் புழுவை இறாலுக்கும் கொடுத்தால் நோய்க்கு நீங்களே பாதை போடுகிறீர்கள். மண்டபம் பக்கம் நண்டு உடைக்கிற இடத்தில் மூட்டை மூட்டையாகக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அடுத்து கணவாய்க் குடல். கணவாயின் செரிமானச் சுரப்பியில் காட்மியம் சேர்ந்திருக்கும். இந்தப் புழு காட்மியத்தைத் தன் உடம்பில் மேலும் சேர்த்துவைக்கும் இயல்புடையது. அது உங்கள் இறாலுக்கு வந்தால் ஏற்றுமதிச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். கருவாட்டுக் கொட்டகைக் கழிவில் உப்பு அதிகம், புழு வளராது. கோழிக் கடைக் கழிவில் என்ன மருந்து தங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டல் எச்சிலும் மலக்கழிவும் வேண்டவே வேண்டாம். மீன் தீவனத்தில் பூச்சி மாவை 2017-ல் அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம்கூட இவ்விரண்டிலும் வளர்ந்த புழுவை ஏற்பதில்லை.

மீன் குடல், தலை, செதில் நல்லது. அதையும் கொடுப்பதற்கு முன் ஒரு கொதி விட்டுவிடுங்கள். ஒமேகா-3 வேண்டும் என்பதற்காக முதல் நாளிலிருந்தே மீனை ஊட்டத் தேவையில்லை. அறுவடைக்கு முந்தின ஒரு நாள் கொடுத்தாலே அது புழுவின் கொழுப்பில் ஏறத் தொடங்கிவிடும்.

பன்னிரண்டாம் நாள், புழு வெள்ளையும் வெளிர்பழுப்புமாக இருக்கும்போதே சலித்து எடுங்கள். கறுக்க விட்டால் தோல் தடித்துக் கைட்டின் கூடும். ஒரு நாள் வெறும் உலர்ந்த தவிட்டில் விட்டால் குடல் காலியாகும். கழுவி, நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். ஒரு கிலோ புழுவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீராவது வேண்டும். குறைந்தால் புழு விழுந்ததும் கொதி அடங்கி, கிருமி தப்பித்துவிடும். இந்தச் சூடு புழு கறுத்துப்போகச் செய்யும் நொதியையும் முடக்கும். உயிரோடு வெயிலில் போட்டுக் கொல்லாதீர்கள். மெல்லச் சாகிற புழு கறுத்து நாறும். தரைக்கு மேலே கட்டிய வலைத் தட்டில், மேலே கொசுவலை மூடி, இரண்டு நாள் காய வையுங்கள். விரலில் எடுத்து ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை வரும். மீன் தின்ற புழுவின் கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதனால் மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் செக்கில் ஆட்டிக் கொழுப்பில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும். அந்தச் செக்கு சமையல் எண்ணெய்க்குப் பயன்படுவதாக இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் அரைத்துக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்.

மாவை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தீவனம், 30 கிராம் மாவு இரண்டையும் உலர்வாகப் புரட்டி, ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றிப் பிசிறி, நிழலில் அரை மணி நேரம் காய விடுங்கள். இறால் மீனைப்போல் விழுங்காது, கொறிக்கும். அதற்குள் பூச்சு கரைந்துவிட்டால் உழைப்பெல்லாம் தண்ணீரில் போகும். ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளரில் பாண்டுத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் பாலாகக் கலங்கியிருந்தால் பூச்சு ஒட்டவில்லை. சின்னக் குஞ்சுக்கான குருணைத் தீவனத்தில் இது செய்ய வேண்டாம்.

இவ்வளவையும் நோய் பிடித்த பாண்டில் தொடங்காதீர்கள். அடுத்த வளர்ப்பில், ஐந்து கிராம் எடை வந்த பிறகு, ஒரே பாண்டுக்குள் ஆறு ஹாப்பா வலை கட்டி ஒவ்வொன்றிலும் 50 இறால் எண்ணி விடுங்கள். மூன்றுக்குப் பூச்சுத் தீவனம், மூன்றுக்கு வெறும் தீவனம்; இரண்டிலும் வெள்ளைக்கரு இருக்கட்டும். முப்பது நாள் கழித்து மொத்த எடையும் எண்ணிக்கையும் பாருங்கள். ஒரு பாண்டுக்குக் கொடுத்து அடுத்த பாண்டோடு ஒப்பிட்டால், அந்த வித்தியாசம் புழுவால் வந்ததா, அடிமண்ணால் வந்ததா, குஞ்சால் வந்ததா என்று தெரியாது.

பூச்சி பெப்டைடு என்று லேபிள் ஒட்டிப் பாட்டில் விற்பவர் வந்தால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சான்று இல்லாத பாட்டிலில் குளோராம்பெனிக்காலோ நைட்ரோஃபியூரானோ கலந்திருந்தால், சரக்கு திரும்பும்போது பெயர் கெடுவது உங்கள் பண்ணைக்குத்தான்.

அம்மாவின் புண்ணைப் பற்றி: மருத்துவமனையில் வைப்பது வேறு ஈயின் புழு, லூசிலியா செரிகேட்டா. பசும்பொன் நிறத்தில் மினுங்கும் ஈ. அதன் முட்டையையே கிருமி நீக்கி, பொரிக்கவைத்து, வந்த புழுவை எண்ணி வைத்து, இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள். செத்த தசையை மட்டும் கரைத்து உண்ணும். லூசிஃபென்சின் என்ற பெப்டைடு அதில் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் அனுமதித்த சிகிச்சை அது. உங்கள் கொட்டகைப் புழுவையோ அதன் பொடியையோ எண்ணெயையோ புண்ணில் வைக்கவே கூடாது. இன்னொன்று, காலில் புண்ணோடு அம்மா பாண்டுத் தண்ணீரிலோ மீன் கழிவிலோ இறங்கக்கூடாது. உப்புநீர் விப்ரியோக்களில் ஒரு வகை சர்க்கரை நோயாளியின் புண் வழியாகப் புகுந்து ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். புண்ணைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, கொப்புளம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் பட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, பிசிஆரில் ஈஎச்பி உறுதியானால் இந்த அறுவடைக்குப் பிறகு செய்ய வேண்டியது. பாண்டை வெடிப்பு விழக் காயப்போட்டு, ஏக்கருக்கு 2.4 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு, பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆழத்துக்கு உழுது, மண் நனைகிற அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். மண்ணின் பிஎச் 12-ஐத் தொட வேண்டும். தொட்டால்தான் வித்து சாகும். ஒரு வாரம் காய்ந்த பிறகு பிஎச் இறங்கும், அதற்குப் பிறகு தண்ணீர் ஏற்றலாம். பிசிஆரில் ஈஎச்பி இல்லை என்று வந்த குஞ்சை மட்டுமே விடுங்கள். காற்று கிளம்புவதற்கு முன் விடியற்காலையில் சுண்ணாம்பு தூவுங்கள், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். சாதா விவசாயச் சுண்ணாம்பு பிஎச்சை அந்த அளவுக்கு ஏற்றாது. வாங்கும்போதே ஒரு கட்டியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: சீறிக் கொதித்து, ஆவி பறந்து, மாவாக உதிர வேண்டும். சும்மா ஊறி நின்றால் அது காற்றுப் பட்டு அடங்கிப்போன பழைய சரக்கு. மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.